முப்பத்திநாலு பி

மூன்றாவது கொக்கியில் மாட்டியும் நிற்கவில்லை. வேதநாயகி கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகுப் பட்டையைக் கீழே இழுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். பட்டையும் அவளோடு சேர்ந்து மேலேறியது. புதுப் பீஸ் என்றால் முதல் கொக்கியிலேயே கச்சிதமாக உட்கார வேண்டும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் இளகும்போதுதான் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நகர வேண்டும். மூன்று வரிசைக் கொக்கி வைப்பதே அதற்குத்தான். இதுவோ தைத்து அரைமணி நேரம்கூட ஆகாத சாம்பிள். அதற்குள் கிழடு தட்டிப் போனதுபோல் தொளதொளத்தது.

"எப்படி இருக்குதுங்கக்கா?" என்று பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து துணி வெட்டும் சலீம் மாஸ்டர் கேட்டார்.

"கீழ கொஞ்சம் தளர்வு மாஸ்டர். முதுகுலயும் நிக்க மாட்டேங்கு."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும்தான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். இங்கே திரைச்சீலை தொங்குகிறது, நடுவில் பிளைவுட் இருக்கிறது. இருந்தும் டிரையல் முடியும்வரை மனிதர் சுவரைத்தான் பார்ப்பார். பதினாலு வருஷமாக இப்படித்தான். மராத்திக்காரர்கள் ஊரான ஆகுர்டியில் நாற்பது தையல் மெஷின்கள் ஓடும் இந்த ஷெட்டில் தைப்பது பெண்களின் உள்ளாடை மட்டும்தான். ஆனால் மாஸ்டரும் அவளும் பேசிக்கொள்ளும்போது மேல், கீழ், ஓரம், முதுகு, தோள் என்ற ஐந்து வார்த்தைகளைத் தாண்டியதே இல்லை. அந்த ஐந்தை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான பீஸ்களைச் சரி செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

வேதநாயகிதான் அந்தக் கம்பெனியின் முப்பத்திநாலு பி. பதினாலு வருஷத்துக்கு முன்னால், அப்போதைய முதலாளியின் மனைவி பேக்கிங் மேஜையில் வரிசையாக நின்ற பெண்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இவளைக் கை காட்டினாள். அன்றைக்கு ஒரு தடவை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதினார்கள். அதோடு சரி. அளவே ஆளாக வந்து நிற்கும்போது டேப் எதற்கு? எந்தப் புது மாடலும் அந்த நோட்டு அளவுக்குத் தைக்கப்பட்டு முதலில் இவள் உடம்பில் ஏறும். இவள் சரி என்று சொன்னால்தான் முப்பத்திரண்டும் முப்பத்தாறும் நாற்பதும் இதிலிருந்து கூட்டியும் குறைத்தும் வெட்டப்படும். மற்ற நாட்களில் இவள் பேக்கிங்கில் டப்பா ஒட்டுகிற வேதநாயகி. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் ஷெட்டே இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த அரைமணி நேரம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை; சொன்னால் சிரிப்பார்கள். தோளில் அழுத்துகிறதா, உட்கார்ந்தால் குத்துகிறதா, மூச்சை இழுத்தால் பிடிக்கிறதா என்று மாஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்பார். சாம்பிள் தைக்கும் ஷபானா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். ஒருத்தர் தன் வேலையை நிறுத்திவிட்டு, உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்பது வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அவளுக்கு வாய்த்தது. மற்றபடி காலை நாலரைக்கு எழுந்து, வீடு இருக்கும் நிக்டியில் குழாய்த் தண்ணீர் வந்து நிற்பதற்குள் பிடித்து, சமைத்து, பஸ் பிடித்து, திரும்பி வந்து, மறுபடி சமைத்துப் படுக்கும்வரை யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டால் உப்பு எங்கே, சார்ஜர் எங்கே என்று கேட்பார்கள்.

"சரிங்க்கா. பக்கத்துக்குக் கால் இஞ்ச் எடுத்துப் பாக்கலாம்," என்றார் மாஸ்டர், கடைசியில். குரலில் ஏதோ ஒரு இழுப்பு இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சேலையை எடுத்துச் சுற்றத் தொடங்கியபோது, ஷெட்டுக்குள் நீலா மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

இப்போதைய முதலாளி நீலா, வசதியானவர்கள் வாழும் பாணேரில் இருப்பவள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஷெட்டை எடுத்து, ஆன்லைனில் விற்றுக்கொண்டிருக்கிறாள். கெட்டிக்காரி, சத்தம் போட மாட்டாள். சத்தம் போடாதவர்களிடம்தான் பயம் அதிகம். கையில் ஒரு பெரிய பை. மாஸ்டரின் மேஜையில் அதைக் கவிழ்த்தாள்.

"மாஸ்டர், இதக் கொஞ்சம் பாருங்கோ. ஆறு மாசமா ரிட்டர்ன் ஏறிண்டே போறது. அதுல முக்காவாசி முப்பத்திநாலு பி. மத்த கம்பெனியில முப்பத்திநாலு எனக்குச் சரியா இருக்கு, உங்களோடது மூச்சு முட்டறதுன்னு வாங்கினவா எழுதறா."

"ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அக்கா இருக்காங்க மேடம்," என்றார் சலீம். திருப்பூரிலிருந்து வந்து இருபது வருஷமாகியும் அந்த ஊர்ப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. "அந்த அக்காவுக்கு முதுகு அகலமுன்னா அந்தக் கம்பெனி முப்பத்திநாலும் அகலமா வருமுங்க. துணி வேற, எலாஸ்டிக்கு வேற, ஸ்ட்ராப்பு வெக்கிற எடம் வேற. நம்பர் மட்டுந்தானுங்க ஒண்ணு."

"அது எனக்கும் தெரியும் மாஸ்டர். ஆனா நம்மளோடதே நம்மளோடது மாதிரி இல்லையே." ஒரு பீஸை விரித்து அதன்மேல் இன்னொன்றை வைக்கும் சத்தம். "கீழ இருக்கறது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வெட்டினது. மேல இருக்கறது இந்த வருஷத்தோடது. ரெண்டுலயும் லேபிள் ஒண்ணுதான். எவ்வளவு சின்னதாயிடுத்து பாருங்கோ."

வேதநாயகி கையில் கொசுவத்தைப் பிடித்தபடி திரைக்குள் அப்படியே நின்றாள். மாஸ்டர் இப்போது சொல்லுவார். அக்காதான் தளர்வா இருக்குன்னு சொன்னாங்க, மூணு தடவை சொன்னாங்க, அதனால மூணு தடவை எடுத்தேன் என்பார். சொல்ல வேண்டியதுதானே? அது உண்மைதானே?

"எந் தப்புதானுங்க மேடம்," என்றார் சலீம்.

நீலாவே அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பம்பாயில் ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகவும், அவர் துணி வெட்டும் பேட்டர்னைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடுவார் என்றும், அடுத்த மாசத்திலிருந்து மாஸ்டர் ஓய்வெடுத்துக்கொள்வதுதான் நல்லது என்றும் சொன்னாள். தன்மையாகத்தான் சொன்னாள். அவர் சரிங்க என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வேதநாயகி மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் புது மாடல் வந்தது பொங்கல் கழிந்து ஒரு தடவை, மழை தொடங்கியபோது ஒரு தடவை, கணபதி விழாவுக்கு முந்தின வாரம் ஒரு தடவை. மூன்று முறையும் தளர்வாகத்தான் இருந்தது. மூன்று முறையும் உள்ளதைத்தான் சொன்னாள். எலாஸ்டிக் லாட் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். தானே சரியில்லை என்று ஒருநாளும் தோன்றவில்லை.

போன டிசம்பரில் அவள் புருஷன் துரைசாமி டூவீலரில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிளேட் வைத்து, எட்டு மாசம் கட்டிலோடு கிடந்தார். அவரைத் தூக்கி உட்காரவைப்பதும், துடைத்துவிடுவதும், வேளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடி வருவதுமாக அந்த எட்டு மாசம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. சாப்பாடெல்லாம் அடுப்படியில் நின்றபடிதான். சில நாள் சாப்பிட்டோமா இல்லையா என்றே நினைவிருக்காது. காலனியில் வந்து பார்க்காதவர்கள் இல்லை. கமலா ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, ஐயோ, துரை இப்படி மெலிஞ்சிட்டாரே என்று உச்சுக்கொட்டினார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். வந்தவர்கள் டீயை வாங்கிக்கொண்டு அவரைத்தான் பார்த்தார்கள். ஹாஸ்டலிலிருந்து வந்த மகள் மீனுகூட, அப்பா வீக் ஆயிட்டாங்க என்று அழுதுவிட்டுப் போனாள்.

இப்போது யோசித்தால் எல்லாம் கணக்காகத்தான் வருகிறது. ரவிக்கை எல்லாவற்றையும் இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறாள். பாவாடையில் ஊக்கு. வளையல் தானாகக் கழன்று மாவில் விழுந்ததும் எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டாள். உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருக்கிறது. இவள் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊக்கைக் குத்தி அதன் வாயை அடைத்திருக்கிறாள்.

சந்தேகத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் எழுந்து போய், திரும்பி வந்த பீஸ்களிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு திரைக்குள் போனாள். யாரோ ஒரு பெண்ணின் பவுடர் வாசனை அதில் மிச்சமிருந்தது. போட்டுப் பார்த்துக் கழற்றி, இறுக்குகிறது என்று மடித்து அனுப்பியிருக்கிறாள். வேதநாயகி அதை மாட்டினாள். முதல் கொக்கி. கையைத் தூக்கினாள், குனிந்தாள், மூச்சை இழுத்தாள். எங்கேயும் அழுத்தவில்லை, எங்கேயும் நழுவவில்லை. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அவளுக்கென்றேதானே தைத்திருக்கிறார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எங்கெங்கோ இருக்கிற பெண்களெல்லாம் ஆறு மாசமாக இவளுடைய மெலிந்த உடம்புக்குள் நுழையப் பார்த்து மூச்சுத் திணறியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் அசதியாக இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டால் போதும் போலிருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்ற எண்ணம் வராமல் இல்லை. வந்தது, வந்து நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. மாஸ்டருக்கு வேறு வேலையா கிடைக்காது? பம்பாய்க்காரன் வந்தாலும் அவனுக்கும் ஒரு முப்பத்திநாலு வேண்டுமே. இனிமேல் இறுக்கமா இருக்குன்னு நாலு தடவை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சொல்லிவிட்டாலோ, அடுத்த செவ்வாய்க்கிழமை இந்தத் திரைக்குள் வேறு ஒருத்திதான் நிற்பாள். மெஷினில் உட்காரும் ஜான்சி இருக்கிறாள், இருபத்தாறு வயசு, வாட்டசாட்டமான பெண். எங்கே வலிக்குது என்று அவளைக் கேட்பார்கள். வேலை போகாது, பேக்கிங் இருக்கிறது. போவது அந்த அரைமணி நேரம். அதைப் போய் ஒரு மனுஷனின் பிழைப்போடு வைத்துப் பார்க்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய கத்திரியை ஒரு துணியில் சுற்றிக் கட்டும் சத்தம் கேட்டது. இன்னும் மாசம் முடியப் பத்து நாள் இருக்கிறது. இப்போதே கட்டுகிறார்.

வேதநாயகி ஷபானாவைக் கூப்பிட்டு, மேடத்தை ஒரு நிமிஷம் உள்ளே வரச் சொன்னாள்.

நீலா திரையை விலக்கிக்கொண்டு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து வருஷத்தில் ஒருநாளும் டிரையல் நடக்கும்போது அவள் உள்ளே வந்ததில்லை. முதுகெலும்பும் தோள்பட்டையும் விலா எலும்புமாக நின்றுகொண்டிருந்த வேதநாயகியை, ஏதோ தெரியாத வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டவள்போல் பார்த்தாள்.

"அக்கா... என்னாச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆவல மேடம். இந்தாப் பாருங்க, இது ரிட்டன்ல வந்த பீஸு. எனக்குச் சரியா இருக்கு. முதக் கொக்கியிலயே நிக்கி." முதுகுப் பட்டையை இழுத்துக் காட்டினாள். "எனக்குச் சரியா இருக்குல்லா, அதான் தப்பு. மாஸ்டரு மேல ஒண்ணும் இல்ல. நாந்தான் தளர்வுன்னு சொன்னேன். அவிய நான் சொன்னதத்தான வெட்டுவாவ?"

நீலா ஷபானாவிடம் டேப் கேட்டாள். பதினாலு வருஷம் கழித்து வேதநாயகியின் உடம்பில் டேப் பட்டது, ஜில்லென்று இருந்தது. ஷபானா பழைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தடவை அளந்து, நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

"டாயி இஞ்ச் கம் ஹை, தீதி," என்றாள் இந்தியில், மெதுவாக. இரண்டரை இஞ்ச் குறைவு. அவளுக்கே கண் கலங்கிவிட்டது. தினம் பக்கத்தில் உட்கார்ந்து டப்பா திறந்து சாப்பிடுகிறவள் அவள்.

எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்துபோனது. பழைய பேட்டர்ன் அட்டையைத் திரும்ப எடுக்கச் சொன்னாள் நீலா. பம்பாய்ப் பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஜான்சியைக் கூப்பிட்டு அடுத்த வாரத்திலிருந்து டிரையலுக்கு வரச் சொன்னாள். இனிமேல் மாசம் ஒரு தடவை டேப் வைத்து அளந்து எழுத வேண்டும் என்றும் சொன்னாள். நியாயம்தான். வேதநாயகி சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

சலீம் மாஸ்டர் இந்தத் தடவையும் சுவரைப் பார்த்துத்தான் நின்றிருந்தார்.

"ரெண்டாவது தடவையே தோணுச்சுங்க்கா," என்றார், திரும்பாமலே. "துணியில கோளாறு இல்லீன்னு தெரிஞ்சுபோச்சு. ஒடம்புக்கு என்னங்கன்னு உங்களக் கேட்டிருக்கோணும். ஒரு பொம்பளகிட்ட அத எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம, பக்கத்துக்குக் கால் இஞ்ச் கால் இஞ்சா வெட்டிக் குடுத்துட்டே இருந்துட்டனுங்க."

வேதநாயகிக்கு அவர்மேல் கோபம் வந்தது. உடனே அழுகையும் வந்தது. இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாதது, தனக்கே தெரியாதது, தன் முகத்தையே நேராகப் பார்க்காத ஒரு மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இருவருமாகச் சேர்ந்து காப்பாற்றிய மரியாதைதான் அங்கே மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்து கிடக்கிறது.

"டாக்டரப் பாருங்க்கா. இன்னிக்கே போங்க," என்றார் சலீம். அப்போதுதான் ஒரு விநாடி திரும்பி அவளைப் பார்த்தார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று துரைசாமிக்குப் போன் போட்டாள்.

"நான் டாக்டர்ட்ட போவணும். நீங்களும் கிளம்பி வாங்க."

"ஏன், மாத்திர தீந்துட்டா? எனக்கு இன்னும் பத்து நாளைக்குக் கெடக்கே?"

"மாத்திரைக்கு இல்ல. வாங்க."

போனை வைத்துவிட்டாள். விவரம் சொல்லத் தெம்பில்லை என்பதுதான் உண்மை. நிக்டியில் வழக்கமாகப் போகும் கிளினிக் வாசலில் அவர் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். சாம்பல் நிறச் சட்டை, சீவின தலை. போன மாசத்திலிருந்து தன் கம்பெனியில் லேசான வேலைக்குப் போகிறார். முகம் தெளிந்து கன்னம்கூடக் கொஞ்சம் வைத்திருந்தது. அவர்கள் படியேறியதுமே நர்ஸம்மா எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்தாள். யா காகா, யா, என்று மராத்தியில் உபசாரம் செய்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். இடுப்பு இப்போது வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அலமாரியிலிருந்து அவருடைய தடித்த ஃபைலை உருவினாள். துரைசாமியும் வழக்கம்போல உட்கார்ந்து, காலை நீட்டி, சட்டைக்கையை மடித்துவிட்டார்.

வேதநாயகியும் வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். நின்ற பிறகுதான் நினைவு வந்தது.

"அவிய இல்ல," என்றாள். நர்ஸுக்குப் புரியவில்லை. "தே நாஹீ. மீ," என்று மராத்தியில் சொல்லித் தன்னைக் காட்டினாள்.

நர்ஸ் கையில் ஃபைலோடு அவளைப் பார்த்தாள். துரைசாமியும் தலையைத் திருப்பி அண்ணாந்து பார்த்தார். மடித்துவிட்ட சட்டைக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டுக்கொண்டார். "ஒனக்கா? ஒனக்கு என்ன?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் மூலையில் இருந்த எடை மெஷினைக் காட்டினாள்.

வேதநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். பை, பை என்று நர்ஸ் சைகை செய்தாள். தோளில் கிடந்த கைப்பையையும், டப்பா வைத்திருந்த பையையும், வழியில் வாங்கின வெந்தயக்கீரைக் கட்டையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தாள். அது பழைய காலத்து மெஷின்; முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆடியது. துரைசாமி நாற்காலியைப் பிடித்து எழுந்து, ஊன்றுகோலில் சாய்ந்து, ஒடிந்த இடுப்பை மெல்ல வளைத்து, முள் எங்கே நிற்கிறதென்று பார்க்கக் குனிந்தார்.